இயேசுவோட சகோதரர்கள் யாரு? அண்ணனா, தம்பியா, சித்தப்பா பிள்ளைங்களா?

நீ கேட்டத முதல்ல இங்க போட்டுடுறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியணும்ல. "அண்ணா, ஹாஸ்டல்ல என் ரூம்மேட் பெந்தெகொஸ்தே சபைக்கு போற பொண்ணு. மாற்கு 6:3ஐ எடுத்துக் காட்டி, இயேசுவுக்கு நாலு தம்பிங்க இருந்திருக்காங்க, தங்கச்சிங்களும் இருந்திருக்காங்க, அப்புறம் எப்படி நீங்க மாதாவ எப்பவும் கன்னின்னு சொல்றீங்கன்னு கேட்டா. எனக்கு பதில் சொல்லத் தெரியல. நம்ம பைபிள்லயும் அதேதான் இருக்கு. நாம நம்புறது தப்பா?"

கத்தோலிக்கரா நாம நம்புறது தப்பு இல்லம்மா. ஆனா அவ கேட்டதும் தப்பு இல்ல, அது நல்ல கேள்வி, 1600 வருஷத்துக்கு முன்னாடியே ரோமாபுரில இதே கேள்வி வந்து பெரிய சண்டையே நடந்திருக்கு. நான் பங்குக் கோயில்ல ஞாயித்துக்கிழமை மறைக்கல்வி எடுக்க ஆரம்பிச்சு பதினெட்டு வருஷம் ஆச்சு, ஆரம்பத்துல ஒன்பதாவது படிக்கிற ஒரு பொண்ணு இதையே எழுந்து கேட்டா, நான் "அதெல்லாம் சித்தப்பா பிள்ளைங்க, உக்காரு"ன்னு சொல்லிட்டேன். உக்காந்துட்டா. அந்த வருஷம் முழுக்க அவ வேற எதுவுமே கேக்கல. அது இன்னும் மனசுல உறுத்துது, அதனாலதான் உனக்கு ஒரு வரில முடிக்காம நிதானமா எழுதுறேன்.

முதல்ல வசனத்த பாப்போம். நாசரேத்து ஊர்க்காரங்க பேசுறாங்க. இவர் தச்சர்தானே, மரியாவோட மகன்தானே, யாக்கோபு, யோசே, யூதா, சீமோன் இவங்க இவரோட சகோதரர்தானே, இவர் சகோதரிகள் இங்க நம்மகூடதானே இருக்காங்கன்னு. இதுல "தம்பி"ங்கிற வார்த்தை எங்கயாவது இருக்கா? இல்ல. உன் ரூம்மேட் பேசும்போது அது தானா தம்பியா மாறிடுச்சு, ஏன்னா தமிழ்ல நமக்கு பேச்சுல பொதுவா ஒரு சொல் கிடையாது, ஒண்ணு அண்ணன் இல்ல தம்பி, ஒண்ணு அக்கா இல்ல தங்கச்சி. பைபிள் மொழிபெயர்த்தவங்க அதனாலதான் சகோதரர்னு போட்டாங்க. கிரேக்கத்துல இருக்குற சொல் அடெல்போஸ், அதுல பெரியவனா சின்னவனான்னு தெரியாது. இத ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, அண்ணனா தம்பியாங்கிற அந்த ஒரு கேள்விலதான் பாதி விஷயம் அடங்கியிருக்கு, கீழ வரும் பாரு.

அடெல்போஸ்னா கிரேக்கத்துல சாதாரணமா கூடப்பிறந்தவன்தான். இத மறைக்கக் கூடாது. ஆனா இயேசுவும் அந்த ஊர்க்காரங்களும் வீட்ல பேசுனது அரமேயம். அரமேயத்துலயும் எபிரேயத்துலயும் பெரியப்பா சித்தப்பா பிள்ளைய சொல்றதுக்குன்னு தனியா ஒரு ஒத்தைச் சொல் புழக்கத்துல இல்ல, தேவைப்பட்டா "அப்பாவோட சகோதரன் மகன்"னு நீட்டி சொல்லணும், இல்லன்னா சகோதரன்னே சொல்லிட்டு போயிடுவாங்க. தொடக்க நூல் 13:8ல ஆபிராம் லோத்தை பாத்து நாம சகோதரர்னு சொல்றார், லோத்து அவருக்கு அண்ணன் தம்பி இல்ல, சகோதரனோட மகன். 29:15ல லாபான் யாக்கோபை சகோதரன்னு சொல்றான், யாக்கோபு அவனோட சகோதரி ரெபேக்காவோட பிள்ளை, நம்ம முறைப்படி மருமகன். 1 குறிப்பேடு 23:22ல எலயாசருக்கு ஆம்பளப் பிள்ளை இல்ல, பொண்ணுங்க மட்டும்தான், அவங்கள "அவங்க சகோதரர்களான" கீசின் பிள்ளைங்க கட்டிக்கிட்டாங்கன்னு மூலத்துல வருது. கீசு எலயாசரோட கூடப்பிறந்தவன். இந்த பழைய ஏற்பாட்ட யூதர்கள் கிரேக்கத்துல மொழிபெயர்த்தப்போ இங்கெல்லாம் அந்த அடெல்போஸையே போட்டுட்டாங்க. அப்போ யூதர்கள் எழுதுன கிரேக்கத்துல அந்தச் சொல் கொஞ்சம் அகலமாவே இருந்திருக்கு.

தமிழ் பேசுற நமக்கு இது புரியாம இருக்கவே முடியாது. நீயே என்னை அண்ணான்னு கூப்பிட்டுதான் கேள்விய ஆரம்பிச்சிருக்க. எங்க தாத்தா இறந்தப்புறம் வாரிசு சான்றிதழுக்கு எங்க அப்பாவோட தாலுகா ஆபீஸ் போனேன், அங்க இருந்தவர் "உங்களுக்கு அண்ணன் தம்பி எத்தன பேரு"ன்னு கேட்டார், அப்பா யோசிக்காம "ஏழு பேரு"ன்னுட்டார், அவர் பேனாவ வச்சிட்டு நிமிந்து பாத்து "கூடப்பிறந்தவங்க எத்தன பேருங்கய்யா"ன்னு திருப்பிக் கேட்டார், அப்பதான் "ரெண்டு"ன்னு வந்துச்சு. அப்பா பொய் சொல்லல. பெரியப்பா வீட்டு பிள்ளைங்களோட ஒரே வீட்டு முற்றத்துல வளந்தவர், அவருக்கு அவங்க அண்ணன் தம்பிதான். நாசரேத்துல நடந்தது தெருப் பேச்சு, அங்க யாரும் வாரிசு சான்றிதழ் எழுதல.

ஆனா இந்த உதாரணத்த ரொம்ப இழுக்கக் கூடாது, நான் கிளாஸ்ல அப்படி இழுத்துத்தான் மாட்டிக்கிட்டேன். நம்ம முறை வேற அவங்க முறை வேற. நம்ம ஊர்ல சித்தப்பா மகன கட்டிக்க முடியுமா, நெனச்சுக்கூட பாக்க முடியாது, மேல சொன்ன எலயாசர் பொண்ணுங்க அப்படித்தான் கட்டிக்கிட்டாங்க. அதனால தமிழ் முறைய வச்சு எதையும் நிரூபிக்க முடியாது, ஒரு சொல் அப்படி விரியும்னு மட்டும் காட்டலாம்.

அடுத்தது எனக்கே பெரிய வெளிச்சமா இருந்த இடம். மாற்கு 6:3ல முதல் ரெண்டு பேரு யாரு? யாக்கோபு, யோசே. இப்போ அதே மாற்குல 15:40க்கு வா. சிலுவைய தூரத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்த பெண்கள் யாருன்னு சொல்றார், மகதலா மரியா, அப்புறம் "சின்ன யாக்கோபுக்கும் யோசேக்கும் தாயான மரியா", அப்புறம் சலோமி. அதே ரெண்டு பேரு, அதே வரிசை. இந்த மரியா இயேசுவோட அம்மாவா இருந்தா மாற்கு ஏன் "யாக்கோபு, யோசே அம்மா"ன்னு சொல்லணும், சிலுவைல தொங்கிக்கிட்டிருக்குறவரோட அம்மான்னுதானே யாரும் சொல்லுவாங்க? மத்தேயு 28:1ல இவங்களையே "வேறொரு மரியா"ன்னு சொல்லிடுறார். திருச்சபையோட அதிகாரபூர்வ போதனை நூலான கத்தோலிக்க மறைக்கல்வி ஏடு 500வது எண்ல காட்டுறது இதைத்தான். இதுக்கு எதிர்ப்பதில் என்னன்னா யாக்கோபு, யோசே எல்லாம் அந்தக் காலத்துல தெருவுக்கு நாலு பேருக்கு இருந்த பேருதானே, வேற யாக்கோபு வேற யோசேவா இருக்கலாம்னு. இருக்கலாம். ஆனா ஒரே புத்தகத்துல, அதே ஜோடியா, யாருன்னு தனியா விளக்கம் சொல்லாம வர்றப்போ ஒரே ஆளுங்கன்னு நெனைக்கிறதுதான் எனக்கு இயல்பா படுது.

யோவான் 19:25ஐயும் சேத்து படி. சிலுவை பக்கத்துல இயேசுவோட தாய், தாயின் சகோதரி, குளோப்பாவோட மரியா, மகதலா மரியா. இதுல மூணு பேரா நாலு பேரா? "தாயின் சகோதரி"யும் "குளோப்பாவோட மரியா"வும் ஒருத்தரா ரெண்டு பேரா? கிரேக்கத்த வச்சு தீர்மானமா சொல்ல முடியாது. ஒரே ஆள்னா ஒரே வீட்ல ரெண்டு பொண்ணுக்கும் மரியான்னு பேரு வச்சாங்களான்னு இடிக்கும். 2ம் நூற்றாண்டுல ஹெகெசிப்புஸ்னு ஒருத்தர் எழுதி வச்சத எவுசேபியுஸ் தன் திருச்சபை வரலாறுல எடுத்து குடுக்குறார், அதுல இந்த குளோப்பா, மாதாவோட கணவர் சூசையப்பரோட சகோதரன்னு வருது, அவர் மகன் சிமியோன் எருசலேமுக்கு ரெண்டாவது ஆயர் ஆனார்னும் வருது. அப்போ ஒரு கணக்குல அந்த மரியா மாதாவுக்கு ஓரகத்தி, இன்னொரு கணக்குல கூடப்பிறந்தவ. நம்ம முறைல பாத்தா ரெண்டு வழிலயும் பிள்ளைங்க அண்ணன் தம்பிதான், ஒண்ணு சித்தப்பா பெரியப்பா பிள்ளை, இல்லன்னா சித்தி பெரியம்மா பிள்ளை!

சரி, வரலாறுக்கு வருவோம். இதுல மூணு பதில் இருந்துச்சு. 4ம் நூற்றாண்டுக் கடைசில எல்விதியுஸ்னு ஒருத்தர் ரோமாபுரில, உன் ரூம்மேட் சொல்ற மாதிரியே, இயேசு பிறந்தப்புறம் சூசையப்பருக்கும் மரியாவுக்கும் பிறந்த பிள்ளைங்கதான் இவங்கன்னு எழுதுனார். 383 வாக்குல அவருக்கு காரசாரமா பதில் எழுதுனது புனித எரோணிமுஸ், அதாவது லத்தீன்ல பைபிள் மொழிபெயர்த்த ஜெரோம். இவங்கெல்லாம் மாதாவோட சகோதரி பிள்ளைங்கன்னு சொன்னது அவர்தான். நாம மறைக்கல்வில படிக்கிற "சித்தி பிள்ளைங்க, சித்தப்பா பிள்ளைங்க" பதில் அங்க இருந்து வந்ததுதான். ஆனா அதைவிட பழைய பதில் ஒண்ணு இருக்கு, நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு தெரியாது. 2ம் நூற்றாண்டு நடுவுல எழுதுன யாக்கோபின் முதல் நற்செய்தின்னு ஒரு நூல், பைபிள்ல சேராதது, அதுல சூசையப்பர் வயசான மனுஷர், மனைவிய இழந்தவர், ஏற்கனவே பிள்ளைங்க இருக்குறவர். அப்போ இந்த நாலு பேரும் இயேசுவுக்கு மூத்த தாரத்து அண்ணன்ங்க. ஆர்த்தடாக்ஸ் மாதிரி கிழக்குத் திருச்சபைகள் இன்னைக்கு வரைக்கும் பெரும்பாலும் இதைத்தான் சொல்லுது, அவங்க படங்கள்ல சூசையப்பர் நரைச்ச தாடியோட இருப்பார். அந்த நூல் பைபிள்ல சேராததுதான், ஆனா மாதாவோட அப்பா அம்மா பேரு சுவக்கீன், அன்னம்மாள்னு நமக்கு கிடைச்சதே அதுல இருந்துதான், ஜூலை 26 அவங்க திருநாள் நாம கொண்டாடுறோம்ல.

இப்போ அந்த அண்ணனா தம்பியா கேள்விய வச்சுப் பாரு. மாற்கு 3ல சொந்தக்காரங்க இயேசு மதி மயங்கி இருக்கார்ங்கிற பேச்சுக்கு நடுவுல அவரைப் பிடிச்சு கூட்டிட்டு போக வர்றாங்க. யோவான் 7ல கூடார விழா சமயத்துல சகோதரர்கள் அவருக்கு புத்தி சொல்றாங்க, இங்க இருக்காத, யூதேயாவுக்கு போ, உன் செயல எல்லாரும் பாக்கட்டும்னு. தலைப்பிள்ளைய தம்பிங்க இப்படி அதட்டி புத்தி சொல்லுவாங்களா, அதுவும் அந்தக் காலத்து குடும்பத்துல? இது அண்ணன்மார் பேச்சு மாதிரிதான் எனக்கு கேக்குது. நிரூபணம்னு சொல்லல. ஆனா இந்த இடத்த வாசிக்கும்போதெல்லாம் அந்தக் கிழக்கத்திய மரபு சும்மா வந்ததில்லன்னு தோணுது.

எரோணிமுஸ் பதில்ல ஒரு பலவீனமும் இருக்கு, சொல்லிடுறேன், நாளைக்கு அவ கேட்டா நீ முழிக்கக் கூடாது. அவர் ஆண்டவரோட சகோதரரான யாக்கோபையும் பன்னிரண்டு திருத்தூதர்கள்ல ஒருத்தரான அல்பேயுவின் மகன் யாக்கோபையும் ஒரே ஆள்னு வச்சார். ஆனா யோவான் 7:5 சகோதரர்கள் அவரை நம்பலன்னு சொல்லுது. பன்னிரண்டுல ஒருத்தரா இருந்துக்கிட்டே நம்பாதவரா எப்படி? அப்புறம் பவுலுக்கு சித்தப்பா பெரியப்பா பிள்ளைக்கான கிரேக்கச் சொல் நல்லாவே தெரியும், அனெப்சியோஸ், கொலோசையர் 4:10ல மாற்கு பர்னபாவுக்கு என்ன உறவுன்னு சொல்றப்போ அதைத்தான் போடுறார். ஆனா கலாத்தியர் 1:19ல யாக்கோபை ஆண்டவரின் சகோதரர்னுதான் சொல்றார். எருசலேம்ல அரமேயத்துல எல்லாரும் கூப்பிட்ட பட்டத்த பவுல் அப்படியே எடுத்துக்கிட்டார்னு பதில் சொல்லலாம், நான் அப்படித்தான் நெனைக்கிறேன், ஆனா வலுவான கேள்விதான். 1991ல ஜான் மையர்ங்கிற அமெரிக்க கத்தோலிக்க குருவே, வரலாற்று ஆய்வா மட்டும் பாத்தா கூடப்பிறந்தவங்கன்னு சொல்றதுக்குத்தான் வாய்ப்பு அதிகம்னு எழுதியிருக்கார். இத படிச்சு நீ பயப்பட வேண்டாம், ஏன்னு கீழ சொல்றேன்.

அதுக்கு முன்னாடி ரெண்டு வசனம், இது கண்டிப்பா வரும். மத்தேயு 1:25, மகனைப் பெற்றெடுக்கும் "வரை" சூசையப்பர் அவங்களோட கூடி வாழல. அப்போ அதுக்கப்புறம் வாழ்ந்தாங்கன்னுதானே அர்த்தம்னு கேப்பாங்க. "சாகுற வரைக்கும் உன்ன மறக்க மாட்டேன்"னு சொன்னா செத்தப்புறம் மறந்துடுவேன்னா அர்த்தம்? 2 சாமுவேல் 6:23ல சவுலோட மக மீக்காலுக்கு சாகும் நாள் வரை பிள்ளை இல்லன்னு இருக்கு. மத்தேயு அந்த இடத்துல சொல்ல வந்தது பிறப்பு ஆம்பள உறவால வந்ததில்லங்கிறது மட்டும்தான். அடுத்து லூக்கா 2:7, தலைமகன்னு இருக்கே, அப்போ ரெண்டாவது மூணாவது உண்டான்னு. நம்ம வீட்லயே ஒத்தப் பிள்ளையா நின்னு போனாலும் தலைச்சன் தலைச்சன்தான். யூதர்களுக்கு இது சட்டமே, எண்ணிக்கை 18:16ல தலைப்பேறான பிள்ளைய ஒரு மாசம் ஆனதும் 5 செக்கேல் குடுத்து மீட்கணும், அடுத்த பிள்ளை வருமான்னு பாத்துட்டா குடுப்பாங்க? எகிப்துல கிடைச்ச கிமு 5ம் வருஷத்து யூதக் கல்லறைக் கல்வெட்டு ஒண்ணுல அர்சினோயிங்கிற பொண்ணு தன் தலைப்பிள்ளைய பெத்தெடுக்குற வேதனைலயே இறந்துபோனதா எழுதியிருக்கு. அந்தத் தாய்க்கு அடுத்த பிள்ளை பிறக்க வழியே இல்ல, ஆனாலும் அது தலைப்பிள்ளைதான். எனக்கு அந்தக் கல்வெட்ட பத்தி படிச்சப்போ வாதம் எல்லாம் மறந்துபோய் அந்தப் பொண்ணத்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்.

அப்புறம் சிலுவை. யோவான் 19:26, 27, "அம்மா, இவரே உம் மகன்", சீடரைப் பாத்து "இவரே உம் தாய்". நாலு பிள்ளைங்க உயிரோட இருக்கும்போது பெத்த தாய வெளியாள் வீட்டுக்கு அனுப்புவாங்களா? அன்னைலருந்து அந்தச் சீடர் தன் வீட்ல வச்சு பாத்துக்கிட்டார்னு இருக்கு. சகோதரர்கள் அப்போ நம்பிக்கை இல்லாதவங்க, அதனால குடுத்தார்னு அவங்க பக்கம் சொல்லுவாங்க, அதையும் தள்ளிட முடியாது. ஆனா நம்பாத மகன்னாலும் மகன்தானே, தாய பாக்குறது "உன் தாய் தந்தையை மதித்து நட"ங்கிற கட்டளை, அத இயேசு எடுத்துட்டு இன்னொருத்தர்கிட்ட குடுப்பாரான்னு எனக்கு மனசு ஒத்துக்கல.

இப்போ நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். வசனத்த மட்டும் வச்சு மாதா கடைசி வரை கன்னின்னு நிரூபிக்க முடியாது. அதே வசனத்த வச்சு இல்லன்னும் நிரூபிக்க முடியாது. நம்ம ஆளுங்க செய்ற தப்பு, அடெல்போஸ்னாலே சித்தப்பா பிள்ளைன்னு அடிச்சுச் சொல்றது, எதிராளி அகராதிய காட்டுனதும் முகம் தொங்கிப் போறது. கத்தோலிக்கர்கள் இத நம்புறது ஒரு சொல்லோட அர்த்தத்துல இருந்து கண்டுபிடிச்சு இல்ல, திருச்சபை ஆரம்ப நூற்றாண்டுகள்ல இருந்து செபத்துலயும் மரபுலயும் வச்சிருந்து 553ல ஆயர்கள் கூடுன ரெண்டாம் கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்துல எப்பொழுதும் கன்னின்னு சொன்னதால. ஆரம்பத்துல எல்லாருமே ஒரே குரல்ல சொன்னாங்கன்னும் சொல்லாத, ஆரம்பகால கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் வேற மாதிரி நெனச்சதாத்தான் தெரியுது. மூத்த தாரத்து அண்ணன்களா சித்தி பிள்ளைங்களாங்கிறத திருச்சபை முடிவு பண்ணவே இல்ல, ரெண்டுல எதை வேணா நீ நெனச்சுக்கலாம். பூசைல நாம சொல்ற பாவ அறிக்கை செபத்துல "சகோதர சகோதரிகளே"ன்னு பக்கத்து பெஞ்சுல இருக்குற முன்ன பின்ன தெரியாதவங்களையும் கூப்பிடுறோம், அதே செபத்துல "எப்பொழுதும் கன்னியான" மரியாளையும் கூப்பிடுறோம், ரெண்டும் ஒரே மூச்சுல.

ரூம்மேட்கிட்ட இதையும் சொல்லு, சண்டைக்கு இல்ல, அவளுக்கே ஆச்சரியமா இருக்கும். புரொட்டஸ்டன்ட் சீர்திருத்தத்த ஆரம்பிச்ச மார்ட்டின் லூத்தரே கடைசி வரை மாதா கன்னியாவே இருந்தாங்கன்னுதான் நம்புனார், மெதடிஸ்ட் சபைய ஆரம்பிச்ச ஜான் வெஸ்லி 1749ல ஒரு கத்தோலிக்கருக்கு எழுதுன கடிதத்துல அதையே எழுதியிருக்கார். அப்போ இது போப்பாண்டவர் கட்சி, பைபிள் கட்சின்னு பிரிஞ்ச சண்டையா ஆரம்பிக்கல.

இந்தச் சகோதரர்கள் அப்புறம் என்ன ஆனாங்கன்னு யாரும் கேக்குறதில்ல, எனக்கு அதுதான் ரொம்ப புடிக்கும். நம்பாம இருந்தவங்க திருத்தூதர் பணிகள் 1:14ல மேல்மாடி அறைல மாதா பக்கத்துல உக்காந்து செபம் பண்ணிக்கிட்டிருக்காங்க. நடுவுல என்ன நடந்துச்சுன்னு 1 கொரிந்தியர் 15:7ல பாதி வரி இருக்கு, உயிர்த்த ஆண்டவர் யாக்கோபுக்கு தோன்றினார். அந்த யாக்கோபு எருசலேம் சபைக்கு தலைவரா இருந்து 62ல கல்லெறிஞ்சு கொல்லப்பட்டார், அத எழுதுனது கிறிஸ்தவர் இல்ல, யூத வரலாற்றாசிரியர் யோசேபுஸ். அந்த நாலு பேர்ல ஒருத்தரான யூதாவோட பேரப்பிள்ளைங்க கதை ஹெகெசிப்புஸ் சொன்னது. ரோமப் பேரரசர் டோமீஷியன் தாவீது வம்சத்து ஆளுங்கன்னு அவங்கள கூட்டிட்டு வந்து எவ்ளோ சொத்து இருக்குன்னு கேட்டிருக்கான், காசா எதுவும் இல்ல, 39 பிளெத்ரா (அந்தக் காலத்து நில அளவு) நிலம், மதிப்பு 9000 தெனாரியம் (ரோம வெள்ளிக்காசு), நாங்களே உழுது வரி கட்டுறோம்னு சொல்லி கையை நீட்டி காட்டியிருக்காங்க, காய்ச்சுப்போன கை. அவன் இவங்களால என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டான்.

நீ ஒண்ணு பண்ணு. அவ பைபிளையே எடுத்துக்கங்க, நம்மது வேண்டாம். ரெண்டு பேரும் சேந்து மாற்கு 6:3ஐயும் 15:40ஐயும் அடுத்தடுத்து வாசிங்க, அந்த யாக்கோபு யோசே அம்மா யாருன்னு நெனைக்கிறன்னு அவகிட்ட கேளு, அவ சொல்றத குறுக்க பேசாம கேளு. அப்புறம் யோவான் 19:25. அங்க நிக்கிறது மூணு பேரா நாலு பேரான்னு அவ என்ன சொன்னான்னு எனக்கும் எழுது, ஏன்னா அந்த ஒரு வரில நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரல.